சல்பேற்று அயனுக்கு எத்தனை கோடுகள்? விரிந்த அட்டகமும் லூயிஸ் கட்டமைப்பும்

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகச் செல்லும் வீதிக்குக் கலஹா வீதி என்பது பெயர். வளாகத்தைக் கடந்து மலையேறும் அவ்வீதி கலஹா நகரையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் சென்றடைகின்றது. அதற்கும் அப்பால், தெல்தோட்டைப் பக்கத்தில், 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கர் நிலத்தில் வணிக நோக்குடன் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் அமைந்துள்ளது. ஒரே வீதியின் ஒரு முனையில் மூலக்கூறுகளின் கட்டமைப்புப் பற்றி விரிவுரைகள் நடைபெறுகின்றன. மறு முனையில் அதே மூலக்கூறுகள் சாக்குகளில் வந்திறங்கித் தொழிலாளரின் கைகளால் மண்ணில் இடப்படுகின்றன. அமோனியம் சல்பேற்று நெடுங்காலமாகத் தேயிலைக்கு இடப்பட்டுவரும் உரம். நாகச் சல்பேற்று இலைகளின்மீது தெளிக்கப்படுகின்றது. 1971ஆம் ஆண்டில் அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையிற் கண்டறியப்பட்ட பாறைப் பொசுபேற்று, நீரில் மெல்லவே கரைவதாகையால், தேயிலை, இறப்பர், தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கே பெரிதும் பயன்படுகின்றது. 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்ட கிளைபோசேற்று என்னும் களைகொல்லியும் பொசுபரசு அணு ஒன்றைத் தன்னகத்தே கொண்டதேயாகும்.

இப்பொருள்கள் யாவற்றிலும் ஒரு பொதுமை உண்டு. கந்தகமோ பொசுபரசோ மைய அணுவாக நின்று ஒட்சிசன் அணுக்களாற் சூழப்பட்டிருக்கின்றது. அவற்றின் கட்டமைப்பைத் தாளில் வரைய முற்படும் மாணவன், முதல் வகுப்பிலேயே தான் கற்ற எட்டு இலத்திரன் விதி இங்கு மீறப்படுவதாகக் காண்கிறான். ‘விரிந்த அட்டகம்’ என்று அதற்குப் பெயர் சொல்லப்படுகின்றது. ஏன் விரிந்தது என்று கேட்டால், ‘3டி ஒபிற்றல்கள் இருப்பதனால்’ என்ற விடை ஆயத்தமாக இருக்கின்றது. இவ்விடை கடந்த சில தசாப்தங்களில் ஆய்வாளரால் பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது என்பதும், எனினும் விரிந்த அட்டகக் கட்டமைப்பை வரையும் முறை அதனாற் பயனற்றதாகிவிடவில்லை என்பதுமே இக்கட்டுரையில் நாம் விளக்க முயலும் விடயங்களாகும்.

சொல் பற்றி ஒரு குறிப்பு இங்கு அவசியம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘எண்ம விதி’ என்கின்றன. நம்மிடையே அட்டகம், அட்டமம் என்னும் சொற்கள் வழங்குகின்றன. அட்டமம் என்பது எட்டாவது என்றே பொருள்படும். எட்டின் தொகுதியைக் குறிக்க அட்டகமே பொருத்தமாகத் தோன்றுவதால் அதனையே நாம் கையாளுகிறோம். இதனினும் முக்கியமானது ‘விரிந்த’ என்னும் அடைமொழி. அது வாசிப்போர் மனத்தில் அணுவொன்று தன் வீட்டிற்குப் புதிதாக ஓர் அறை கட்டிக்கொண்டது போன்ற ஒரு படத்தை எழுப்பிவிடுகின்றது. சிக்கல் பெரும்பாலும் இந்தப் படத்திலேயே தொடங்குகின்றது எனலாம்.

லூயிஸ் வகுத்த கணக்கு

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கில்பேட் நியூட்டன் லூயிஸ் 1916ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றிலேயே, இரு அணுக்கள் ஒரு சோடி இலத்திரன்களைப் பகிர்ந்துகொள்வதால் இரசாயனப் பிணைப்பு உண்டாகின்றது என்னும் கருத்து முதன்முதலாகத் தெளிவாக முன்வைக்கப்பட்டது. இலத்திரன்களைப் புள்ளிகளாகக் குறித்துக் காட்டும் வழக்கமும் அதிலிருந்தே பரவியது. மூன்றாண்டுகளின் பின் இர்விங் லாங்மியூர் அக்கருத்தை விரித்தெழுதி, எட்டு இலத்திரன் தொகுதிக்கு அட்டகம் என்று பொருள்படும் பெயரையும் இட்டார். பெயரிட்டவரே பெரும்புகழ் பெற்றார். வேறு துறையில் எனினும் 1932இல் நொபெல் பரிசும் பெற்றார். லூயிசுக்கு அப்பரிசு ஒருபோதும் வழங்கப்படவில்லை. ஆனால் எட்டு என்னும் எண்ணை லாங்மியூரைப்போல லூயிஸ் இறுகப் பற்றிக்கொள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1923இல் வெளிவந்த தம் நூலில், சோடி என்னும் இரண்டின் விதியே எட்டின் விதியிலும் அடிப்படையானது என அவர் கருதினார். பொசுபரசு ஐங்குளோரைட்டும் கந்தக அறுபுளோரைட்டும் எட்டிற்கு அடங்காதவை என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

லூயிஸ் கட்டமைப்பை வரைவது உண்மையில் ஒரு கணக்கெழுதும் முறை. முதலில், எல்லா அணுக்களினதும் வலுவளவு ஓட்டு இலத்திரன்களைக் கூட்டுகிறோம். அயனாயின் எதிரேற்றத்துக்கு ஏற்பக் கூட்டியும் நேரேற்றத்துக்கு ஏற்பக் கழித்தும் கொள்கிறோம். கிடைத்த தொகையை இரண்டாற் பிரித்தால் மொத்தச் சோடிகள் கிடைக்கின்றன. மைய அணுவுக்கும் சுற்றணுக்களுக்குமிடையே ஒவ்வொரு கோடு இடுகிறோம். ஒரு கோடு ஒரு சோடி. எஞ்சிய சோடிகளைச் சுற்றணுக்களுக்கு எட்டு நிறையும்வரை வழங்குகிறோம். அதன்பின்னும் எஞ்சுவன மைய அணுவுக்கே உரியவை. இறுதியாக, ஒவ்வோர் அணுவின்மீதும் முறைசார் ஏற்றத்தைக் கணிக்கிறோம்: அவ்வணு தனித்து நின்றபோது கொண்டிருந்த வலுவளவு இலத்திரன்களிலிருந்து, தனிச் சோடிகளிலுள்ள இலத்திரன்கள் முழுவதையும் பிணைப்பு இலத்திரன்களிற் பாதியையும் கழித்தால் வருவதே முறைசார் ஏற்றம். பகிர்ந்த சோடி சரிபாதியாகப் பங்கிடப்பட்டதாகக் கொள்ளும் ஒரு கணக்கு இது. எந்த அணுவும் இலத்திரன்களை இவ்வாறு சரிபாதியாகப் பங்கிடுவது அரிது. இந்த ஒரு வாக்கியத்தை மாணவர் மறந்துவிடுவதே பின்னால் வரும் குழப்பங்களுக்கெல்லாம் மூலமாகின்றது.

உரச் சாக்கில் ஒரு முரண்

கலஹாத் தோட்டமொன்றின் உரக் களஞ்சியத்தில் உள்ள அமோனியம் சல்பேற்றை எடுத்துக்கொள்வோம். அதன் சார் மூலக்கூற்றுத் திணிவு 132. அதில் 28 பங்கு நைதரசன், 32 பங்கு கந்தகம். எனவே திணிவின்படி 21 சதவீதம் நைதரசனும் 24 சதவீதம் கந்தகமும் அதில் உள்ளன. நைதரசனுக்காகவே வாங்கப்படும் உரத்தில் கந்தகம் அதனிலும் கூடுதலாக இருப்பது பலருக்கு வியப்பளிக்கலாம். தேயிலை அமில மண்ணை விரும்பும் செடியாதலால் இவ்வுரம் மண்ணின் அமிலத்தன்மையைக் கூட்டுவது ஓரளவுவரை குறையாகாது. (2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு அதே ஆண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்ட காலத்தில், ‘இரசாயனம்’ என்னும் சொல்லே ஒரு வசைச்சொல்லாகியிருந்தது. சேதன உரத்திலுள்ள கந்தகத்தையும் செடியின் வேர் பெரும்பாலும் இதே சல்பேற்று அயனாகவே உறிஞ்சுகின்றது என்பதை அந்த வாதங்களில் எடுத்துச்சொன்னோர் சிலரே.)

இவ்வுப்பின் நேரயன் அமோனியம். நைதரசனுக்கு ஐந்து, நான்கு ஐதரசன்களுக்கு நான்கு, நேரேற்றத்துக்காக ஒன்று கழிக்க எட்டு இலத்திரன்கள், நான்கு சோடிகள், நான்கு கோடுகள். கணக்கு முடிந்தது. நைதரசனின் முறைசார் ஏற்றம் நேர் ஒன்று. மின்னெதிர்த்தன்மை மிக்க நைதரசனின்மீது நேரேற்றத்தை எழுதுகிறோமே என்று எவரும் துணுக்குறுவதில்லை. உண்மையில் நேரேற்றம் பெரும்பாலும் ஐதரசன்களின்மீதே பரவியிருக்கின்றது. ஏட்டில் மட்டும் அது நைதரசனின் பெயரில் எழுதப்பட்டுள்ளது.

இனி எதிரயனான சல்பேற்று. கந்தகத்துக்கு ஆறு, நான்கு ஒட்சிசன்களுக்கு இருபத்துநான்கு, எதிரேற்றத்துக்காக இரண்டு. மொத்தம் 32 இலத்திரன்கள், 16 சோடிகள். நான்கு கோடுகளுக்கு நான்கு சோடிகள் போக, எஞ்சிய பன்னிரண்டும் ஒட்சிசன் ஒவ்வொன்றுக்கும் மூன்றாகச் செல்கின்றன. இங்கும் கணக்கு முடிந்துவிட்டது. எல்லா அணுக்களுக்கும் எட்டு நிறைந்துள்ளது. லூயிஸ் 1916இல் எழுதிய சல்பேற்று இதுவேயாகும். முறைசார் ஏற்றங்களோ கந்தகத்தின்மீது நேர் இரண்டு, ஒவ்வோர் ஒட்சிசனின்மீதும் எதிர் ஒன்று.

இந்த ‘நேர் இரண்டு’ தான் பலரை உறுத்துகின்றது. அதனைக் குறைப்பதற்காக இரு ஒட்சிசன்களிலிருந்து ஒவ்வொரு தனிச் சோடியைக் கொணர்ந்து, கந்தகத்துடன் இரட்டைப் பிணைப்புகளாக்குகின்றனர். இப்போது கந்தகத்தின் முறைசார் ஏற்றம் பூச்சியம். இரு ஒட்சிசன்களுக்குப் பூச்சியம், மற்றைய இரண்டுக்கும் எதிர் ஒன்று. ஆனால் கந்தகத்தைச் சுற்றி ஆறு சோடிகள், அதாவது 12 இலத்திரன்கள் சேர்ந்துவிட்டன. எந்த இரு ஒட்சிசன்களைத் தெரிவது என்பதில் ஆறு வழிகள் உள்ளனவாதலால் ஆறு பரிவுக் கட்டமைப்புகள் எழுதலாம். அவற்றின் சராசரியாக ஒவ்வொரு பிணைப்பும் ஒன்றரைப் பிணைப்பு ஆகின்றது.

ஆகவே ஒரே உப்பின் இரு அயன்களுக்கு இரு வேறு நியாயங்கள் வழங்கப்படுகின்றன. நேரயனில் நைதரசனின்மீதுள்ள ஏற்றத்தை வேறு வழியின்றி ஏற்றுக்கொள்கிறோம். எதிரயனில், இலத்திரன்களை இழக்க நைதரசனிலும் எளிதில் இசையும் கந்தகத்தின்மீதுள்ள ஏற்றத்தை ஏற்க மறுத்து, எட்டைப் பன்னிரண்டாக்குகிறோம். இம்முரணை வகுப்பறையில் எடுத்துச்சொல்வோர் அரிதாகவே உள்ளனர்.

இது வெறும் தத்துவ விசாரமன்று. க.பொ.த. உயர்தர இரசாயனவியல் வினாத்தாளில், தரப்பட்ட அடிக்கூட்டுக்கு மிகவும் ஏற்றுக்கொள்ளத்தக்க லூயிஸ் கட்டமைப்பை வரையுமாறும், அதன் பரிவுக் கட்டமைப்புகளைக் காட்டி அவற்றின் உறுதிநிலையைக் குறிப்பிடுமாறும் கேட்பது நெடுங்கால வழக்கு. ‘ஏற்றுக்கொள்ளத்தக்க’ என்றால் யாருக்கு, எந்த அளவுகோலின்படி என்ற கேள்வி இங்கு எழுகின்றது. நகரத்து மாணவனுக்கு ஒரு தனியார் வகுப்பில் விளங்காதது இன்னொரு வகுப்பில் விளங்கும். மலையகத்திலோ விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம்வரை தமிழ் மொழிமூலம் கற்பிக்கும் பாடசாலைகள் சிலவே. கொழுந்துக் கூடையும் உரச் சாக்கும் சுமப்போரின் பிள்ளைக்குக் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு பாடக்குறிப்பு மட்டுமே. அக்குறிப்பில் விதி ஒன்றும் விலக்கு ஒன்றும் காரணமின்றி அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தால், அவன் மனனம் செய்வதன்றி வேறென் செய்வான்?

முப்பத்திரண்டின் குடும்பம்

சல்பேற்றை அதன் உறவினரோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போது விடயம் தெளிவடைகின்றது. பொசுபேற்று அயனுக்குக் கணக்கிட்டால் ஐந்தும் இருபத்துநான்கும் மூன்றும் சேர்ந்து 32. சிலிக்கேற்று அயனுக்கு நான்கும் இருபத்துநான்கும் நான்குமாக அதுவும் 32. பேர்குளோரேற்றுக்கு ஏழும் இருபத்துநான்கும் ஒன்றுமாக மீண்டும் 32. நான்கும் நான்முகி வடிவின. கண்டி மலைப் பாறைகளிற் பரவலாகக் காணப்படும் கார்னெற்றுக் கனியத்தில் தனித்தனிச் சிலிக்கேற்று நான்முகிகள் உள்ளன. எப்பாவலைப் பாறையிற் பொசுபேற்று. உரச் சாக்கிற் சல்பேற்று. வாணவேடிக்கைக் கலவைகளிற் பேர்குளோரேற்று.

எட்டின் விதிப்படி எழுதினால் இந்நான்கும் ஒரே படம். மையத்திலுள்ள அணுவின் பெயரும் ஏற்றமும் மட்டுமே மாறும். முறைசார் ஏற்றத்தைப் பூச்சியமாக்கும் விதிப்படி எழுதினாலோ சிலிக்கேற்றுக்கு இரட்டைப் பிணைப்பு எதுவுமில்லை; பொசுபேற்றுக்கு ஒன்று; சல்பேற்றுக்கு இரண்டு; பேர்குளோரேற்றுக்கு மூன்று. அதாவது மைய அணுவைச் சுற்றி முறையே 8, 10, 12, 14 இலத்திரன்கள். ஒரே எண்ணிக்கையான இலத்திரன்களும் ஒரே வடிவமும் கொண்ட நான்கு அயன்களில், முதலாவது விதிக்கு முற்றாக அடங்கியதாகவும் நான்காவது அதனை ஏறத்தாழ இருமடங்காக மீறியதாகவும் காட்சியளிக்கின்றன. இயற்கையில் இப்படியொரு பாய்ச்சல் நிகழ்கின்றதா?

அளவீடு சொல்வதைக் கேட்போம். சிலிக்கன்–ஒட்சிசன் பிணைப்பு நீளம் ஏறத்தாழ 163 பிக்கோமீற்றர், பொசுபரசு–ஒட்சிசன் 154, கந்தகம்–ஒட்சிசன் 149, குளோரீன்–ஒட்சிசன் 144. சீரான ஓர் இறக்கத்தையே இங்கு காண்கிறோம். ஓர் அயனுக்குள் நான்கு பிணைப்புகளும் ஒத்தவை. குறுகியவை இரண்டு, நீண்டவை இரண்டு என்ற வேறுபாடு சல்பேற்று அயனில் இல்லை. (கந்தக அமிலத்தில் அவ்வேறுபாடு உண்டு: ஐதரசன் ஒட்டிய ஒட்சிசன்களுக்கு ஏறத்தாழ 157 பிக்கோமீற்றர், ஒட்டாதவற்றுக்கு 142.)

இரட்டைப் பிணைப்பு வாதத்துக்கு நியாயம் செய்வதாயின் ஒன்றைச் சொல்லவேண்டும். 149 பிக்கோமீற்றர் என்பது, அணுக்களின் பங்கீட்டு ஆரைகளைக் கூட்டிப் பெறும் ஒற்றைப் பிணைப்பு நீளத்திலும் குறைவானதுதான். கந்தகமும் ஒட்சிசனும் எதிர்பார்த்ததைக் காட்டிலும் நெருங்கி நிற்கின்றன என்பது மறுக்கவியலாத உண்மை. நெருக்கத்துக்குக் காரணம் இரண்டாவது பிணைப்பா, அல்லது நேரேற்றமுடைய கந்தகத்துக்கும் எதிரேற்றமுடைய ஒட்சிசனுக்கும் இடையிலான மின்கவர்ச்சியா என்பதே வினா. இவ்வினாவுக்கு லூயிஸ் கட்டமைப்பு விடையளிக்காது. அதற்காக அது வகுக்கப்படவுமில்லை.

3டி ஒபிற்றலின் ஏற்றமும் இறக்கமும்

விரிந்த அட்டகத்துக்குக் கோட்பாட்டுக் காரணம் தந்தவர் லைனஸ் போலிங். எஸ், பி, டி ஒபிற்றல்களைக் கலந்து எண்முகியின் ஆறு திசைகளை நோக்கிய ஆறு கலப்பு ஒபிற்றல்களைப் பெறலாம் என 1931இல் அவர் காட்டினார். அணுக்கள் தம்மீது பெரிய ஏற்றம் தங்க விடுவதில்லை என்ற அவரது பிற்காலக் கருத்து, சல்பேற்றுக்கு இரட்டைப் பிணைப்புகள் எழுதுவதை வலுப்படுத்தியது. 1961இல் குருக்சாங் என்பார் 3டி ஒபிற்றல்கள் ஒட்சிசனின் பி ஒபிற்றல்களோடு இணைந்து பை பிணைப்புகளை உண்டாக்குவதாக விளக்கினார். இரண்டாம் ஆவர்த்தனத் தனிமங்களுக்கு 2டி என ஒன்று இல்லை. மூன்றாம் ஆவர்த்தனத்துக்கு 3டி உண்டு. ஆகவே நைதரசன் எட்டோடு நிற்கின்றது, பொசுபரசு அதனைக் கடக்கின்றது. கேட்பதற்கு எவ்வளவு நேர்த்தியான விளக்கம்! இந்நேர்த்தியே அதனைப் பாடநூல்களில் நிலைநிறுத்தியது எனத் துணிந்து கூறலாம்.

ஆனால் கந்தக அணுவில் 3டி ஒபிற்றல்கள் 3பி ஒபிற்றல்களைவிடச் சத்தியில் மிக உயர்ந்தும், பரப்பில் மிகவும் அகன்றும் கிடக்கின்றன. கணினிவழிக் கணிப்புகள் நுணுக்கமடைந்தபோது, அவ்வொபிற்றல்களிற் குடியிருக்கும் இலத்திரன்களின் அளவு கலப்பாக்க விளக்கம் வேண்டுவதற்கு மிகக் குறைவு எனத் தெரியவந்தது. குட்செல்னிக் 1984இலும், ரீடும் ஷ்லெயரும் 1990இலும் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வகையில் முக்கியமானவை. கந்தகம்–ஒட்சிசன் பிணைப்பு மிகுந்த முனைவுத்தன்மையுடைய ஓர் ஒற்றைப் பிணைப்பு. ஒட்சிசனின் தனிச் சோடிகள் அயலிலுள்ள பிணைப்புகளின் எதிர்ப்பிணைப்பு ஒபிற்றல்களுக்குள் சிறிதளவு கசிந்து அதனை மேலும் இறுக்குகின்றன என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் படிமம். 2012இல் டென்மார்க்கின் ஆகூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் முன்னின்ற ஆய்வுக்குழு ஒன்று, பொற்றாசியம் சல்பேற்றுப் பளிங்கினுள் இலத்திரன் அடர்த்தி எவ்வாறு பரந்துள்ளது என்பதை எக்ஸ் கதிர்களால் அளந்து இதே முடிவை அடைந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் சல்பேற்று லூயிஸ் எழுதிய இடத்துக்கே மீண்டுவந்துள்ளது.

3டி முற்றிலும் பயனற்றது என்றும் இதனைக் கொண்டு முடிவுகட்டிவிடலாகாது. கணிப்புகளில் டி வகைச் சார்புகளை அறவே விட்டுவிட்டால் பிணைப்பு நீளங்கள் பிழையாகவே வருகின்றன. ஆயினும் அங்கு அவற்றின் தொழில், இலத்திரன் முகிலின் வடிவத்தைச் சற்றே நெகிழ்த்துக் கொடுப்பது. இலத்திரன் சோடிகளுக்கு இருப்பிடமாவதன்று.

கோடுகளாலேயே எட்டைக் கடப்பவை

சல்பேற்றையும் பொசுபேற்றையும் எட்டுக்குள் எழுத ஒரு வழி இருந்தது. அவ்வழி எளிதிற் கிட்டாத மூலக்கூறுகளும் உள்ளன. பொசுபரசு ஐங்குளோரைட்டில் ஐந்தும் முப்பத்தைந்துமாக 40 இலத்திரன்கள், 20 சோடிகள். ஐந்து குளோரீன்களையும் ஒவ்வொரு கோட்டால் இணைத்தாலே பொசுபரசைச் சுற்றிப் பத்து இலத்திரன்கள் வந்துவிடுகின்றன. வாயுநிலையில் அதன் வடிவம் முக்கோண இருகூம்பகம்; மேலும் கீழுமுள்ள இரு பிணைப்புகள் ஏறத்தாழ 214 பிக்கோமீற்றர், நடுத்தளத்திலுள்ள மூன்றும் 202. எல்லாப் பிணைப்புகளும் ஒத்தவையல்ல என்பதை மனத்திற்கொள்ளவேண்டும். திண்மநிலையில் இப்பொருளின் நடத்தை சுவையானது. ஒரு மூலக்கூறு தன் குளோரீன் ஒன்றை அயன் வடிவில் மற்றொன்றுக்குக் கொடுத்துவிட, நான்கு குளோரீன் கொண்ட நேரயனும் ஆறு குளோரீன் கொண்ட எதிரயனுமாக அது பளிங்காகின்றது. பத்திலிருந்து தப்பியோடி ஒன்று எட்டிலும் மற்றது பன்னிரண்டிலும் போய் நிற்கின்றது.

கந்தக அறுபுளோரைட்டு 1901இல் பிரான்சில் முவாசனும் லெபோவும் கண்டறிந்த வாயு. வளியைவிட ஐந்து மடங்கு அடர்த்தியானது. எளிதில் எதனோடும் தாக்கமுறாதது. ஆதலால் உயர் மின்னழுத்த ஆளிகளில் காவலியாகப் பயன்படுகின்றது. அதே உறுதி காரணமாக வளிமண்டலத்தில் நெடுங்காலம் தங்கி, நூறாண்டு அளவில் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 23,500 மடங்கு வெப்பமேற்றும் வாயுவாகவும் விளங்குகின்றது. அதன் கணக்கு: ஆறும் நாற்பத்திரண்டுமாக 48 இலத்திரன்கள், 24 சோடிகள். ஆறு கோடுகள், எஞ்சிய பதினெட்டும் ஆறு புளோரீன்களுக்கும் மூன்றாக. கந்தகத்தைச் சுற்றிப் பன்னிரண்டு, முறைசார் ஏற்றம் எங்கும் பூச்சியம், வடிவம் எண்முகி. படம் நிறைவாகத் தோன்றுகின்றது. ஆனால் மூலக்கூற்று ஒபிற்றல் கொள்கை இப்படத்தை வேறு விதமாக வாசிக்கின்றது. கந்தகத்தின் ஓர் எஸ் ஒபிற்றலும் மூன்று பி ஒபிற்றல்களும் சேர்ந்து நான்கு பிணைப்பு ஒபிற்றல்களையே தரமுடியும். ஆறு சோடிகளுள் நான்கு அவற்றில் அமைகின்றன. எஞ்சிய இரு சோடிகளும் பெரும்பாலும் புளோரீன்களின்மீதே தங்குகின்றன. ஆறு பிணைப்புகளும் முற்றிலும் ஒத்தவை. எனினும் அவற்றைக் கட்டி நிறுத்துவது நான்கு சோடிகளே. ஒரு கோடு ஒரு சோடி என்ற நம் வழக்கத்துக்கு இதனை நேராகக் காட்டும் வல்லமை இல்லை.

இக்கருத்தின் எளிய வடிவம் 1951ஆம் ஆண்டளவில் பிமென்டலும் ரண்டிலும் தனித்தனியே முன்வைத்த மும்மைய நாலிலத்திரன் பிணைப்பாகும். ஒரே நேர்கோட்டில் நிற்கும் மூன்று அணுக்களை நான்கு இலத்திரன்கள் பிணைக்கின்றன. அவற்றுள் ஒரு சோடி பிணைக்கின்றது, மற்றது இரு ஓரங்களிலும் ஒதுங்கி நிற்கின்றது. இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி எங்கும் செல்லவேண்டியதில்லை. மாப்பொருட் சோதனைக்காக எந்தப் பாடசாலை ஆய்வுகூடத்திலும் வைக்கப்பட்டிருக்கும் கபில நிற அயடீன் கரைசலில் மூவயடைட்டு அயன் உள்ளது. மூன்று அயடீன்களுக்கு இருபத்தொன்றும் எதிரேற்றத்துக்கு ஒன்றுமாக 22 இலத்திரன்கள், 11 சோடிகள். இரு கோடுகள் இரண்டு. ஓரத்து அயடீன்களுக்கு மூன்று மூன்றாக ஆறு. எஞ்சுவன மூன்று சோடிகள். மாணவர் பெரும்பாலும் இடறிவிழும் இடம் இதுவே. ‘அயடீனுக்குத்தான் எட்டு நிறைந்துவிடுமே’ என அஞ்சி அம்மூன்றையும் விட்டுவிடுகின்றனர், அல்லது கோடுகளைக் கூட்டுகின்றனர். அம்மூன்றும் நடு அயடீனுக்கே உரியவை. அதனைச் சுற்றிப் பத்து இலத்திரன்கள். ஐந்து சோடிகளுள் தனிச் சோடிகள் மூன்றும் நடுத்தளத்தை நிரப்ப, அயன் நேர்கோட்டு வடிவம் பெறுகின்றது. செனன் இருபுளோரைட்டின் கணக்கும் எழுத்துக்கு எழுத்து இதுவே. அருமந்த வாயுக்கள் சேர்வை தராதவை என்ற நம்பிக்கை 1962இல் நீல் பாட்லெட்டின் பரிசோதனையால் தகர்ந்தபோது பலர் வியந்தனர். ஆனால் மூவயடைட்டு அயனை நெடுநாள் அறிந்திருந்த இரசாயனவியலுக்கு அதில் வியப்புறப் பெரிதாக ஒன்றுமிருக்கவில்லை.

3டி இல்லையென்றால் பொசுபரசு ஐந்து குளோரீன்களைத் தாங்குவதும் நைதரசன் தாங்காததும் ஏன்? பெரும்பங்கு விடை பருமனில் உள்ளது. சிறிய நைதரசனைச் சுற்றி ஐந்து குளோரீன்கள் நெருங்கி நிற்க இடமில்லை. சுற்றணுக்கள் சிறியவையாகவும் எதிரேற்றத்தை ஏற்கும் இயல்பின்வாகவும் இருப்பின் நைதரசனும் நான்கு ஒட்சிசன்களை ஏற்கின்றது. 1970களின் பிற்பகுதியில் ஜேர்மனியில் மார்ட்டின் ஜான்சன் ஆராய்ந்த சோடியம் ஓதோநைத்திரேற்று அதற்குச் சான்று. அதன் அயனில் 32 இலத்திரன்கள், நான்முகி வடிவம், ஒற்றைப் பிணைப்புக்கு எதிர்பார்ப்பதிலும் குறுகிய 139 பிக்கோமீற்றர் பிணைப்புகள். பொசுபேற்றுக்கும் அதற்கும் கணக்கில் எவ்வித வேறுபாடும் இல்லை. நைதரசனுக்கு ஐந்து கோடுகள் இடக்கூடாதென்பதால், நைதரசனின்மீது நேர் ஒன்றும் ஒட்சிசன்களின்மீது எதிர் ஒன்றுமாகவே எவரும் அதனை எழுதுவர். அவ்வாறு எழுதலாமெனின் பொசுபேற்றையும் அவ்வாறே எழுதலாம்.

வகுப்பறையில் இவற்றை எந்த ஒழுங்கிற் கற்பிப்பது என்பது பற்றி எமது கருத்தைச் சொல்லலாம். அமோனியம் சல்பேற்றின் இரு அயன்களையும் ஒரே கரும்பலகையில் அருகருகே வரைந்து தொடங்குவது நன்று. சல்பேற்றுக்கு முதலில் எட்டின் விதிப்படியான படத்தையும் அதன் முறைசார் ஏற்றங்களையும் எழுதவேண்டும். ஏற்றங்களைக் குறைக்கும் வழக்கப்படி இரட்டைப் பிணைப்புகள் இட்ட படத்தை அதனருகே எழுதி, இரண்டும் அதே 32 இலத்திரன்களின் இரு பதிவுகள் எனச் சொல்லவேண்டும். பரீட்சையில் முறைசார் ஏற்றங்கள் குறைந்த படமே பொதுவாக எதிர்பார்க்கப்படுவதால் மாணவன் அதனை வரையப் பழகியிருத்தல் அவசியம். ஆறு பரிவுக் கட்டமைப்புகளையும் வரைந்து, நான்கு பிணைப்புகளும் ஒத்தவை என்பதை எழுதவும் பழகவேண்டும். 3டி பற்றிய வாக்கியத்தை மட்டும் பாடக்குறிப்பிலிருந்து நீக்கிவிடலாம். அதனை நீக்கியும் 32 என்ற தொகையோ நான்முகி வடிவமோ ஆறு பரிவுக் கட்டமைப்புகளோ மாறப்போவதில்லை. அடுத்த பாடவேளைக்கு ஆய்வுகூடத்து அயடீன் குப்பியை மேசைமீது வைத்து, 22 இலத்திரன்களையும் எண்ணி முடிக்கும்வரை கோடு எதுவும் வரையவேண்டாமென மாணவருக்குச் சொல்லலாம்.